வரைபடத்தை விற்ற காதல்

(இறுதியாண்டு, மெக்கானிக்கல்)



காதல் என்று வந்துவிட்டால் நம்ம ஹாஸ்டலில் எந்தக் குற்றத்துக்கும் மன்னிப்பு உண்டு. ‘லவ்வுக்காகத்தானேடா செஞ்சான்’ என்று ஒருத்தன் சொன்னால் போதும், வழக்கு தள்ளுபடி! இந்த நியாயம் எவ்வளவு தூரம் செல்லும்? அதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற படம் ஒன்று இருக்கிறது. 1996-ல் வெளிவந்த ‘தி இங்கிலீஷ் பேஷண்ட்’. கொழும்பில் 1943-ல் பிறந்து கனடாவில் குடியேறிய மைக்கேல் ஒண்டாட்ஜி எழுதி, 1992-ல் புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்ட நாவல்தான் இதற்கு மூலம். அந்தோணி மிங்கெல்லா இயக்கினார். 9 ஆஸ்கர் விருதுகள்! இரண்டே முக்கால் மணி நேரப் படம். ‘ஸ்லோவா போகுது மச்சி’ என்று எழுந்து போகிறவர்கள் போகலாம். உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் விஷயம் கிடைக்கும்.

கதை இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், இத்தாலியில் இடிந்து கிடக்கும் ஒரு பழைய மடாலயத்தில் நடக்கிறது. உடம்பெல்லாம் வெந்துபோன, பேர் தெரியாத ஒரு நோயாளி. அவனைப் பார்த்துக்கொள்ள ஹானா என்கிற கனடா நாட்டு நர்ஸ். நோயாளி கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கதையைச் சொல்கிறான். அவன் ஆங்கிலேயனே அல்ல. அல்மாசி என்ற ஹங்கேரிக்காரன். சஹாராவில் வரைபடம் போட்டவன். நண்பனின் மனைவி கேத்தரின் மேல் காதல் கொள்கிறான். விஷயம் தெரிந்த கணவன் விமானத்தை அவன் மேலேயே மோதவிடப் பார்த்துச் செத்துப்போகிறான். காயம்பட்ட கேத்தரினைக் குகையில் விட்டுவிட்டு உதவி கேட்க மூன்று நாள் பாலைவனத்தில் நடக்கிறான் அல்மாசி. ஆங்கிலேய ராணுவமோ, அவன் பேர் வெளிநாட்டுப் பேராக இருக்கிறதே என்று விலங்கு மாட்டுகிறது. தப்பித்து ஓடியவன், தன் குழு வரைந்த வரைபடங்களை ஜெர்மானியர்களிடம் கொடுத்து, பதிலுக்கு விமானத்துக்குப் பெட்ரோல் வாங்குகிறான். குகைக்குப் போய்ச் சேரும்போது அவள் உயிரோடு இல்லை.

இந்த இடத்தில் தியேட்டரே அழும். அழட்டும், தப்பில்லை. முதலில் நம்பிக்கைத் துரோகம் செய்தது ஆங்கிலேயர்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்ணைத் துடைத்துவிட்டு ஒரு கணக்குப் போடுங்கள். அந்த வரைபடத்துக்கு விலை கொடுத்தது யார்? அல்மாசி எதிரியின் உளவாளி என்று நம்பிய உயிர் நண்பன் மேடாக்ஸ் தன்னையே சுட்டுக்கொண்டான். டோப்ரூக்கில் பிடிபட்ட கரவாஜியோவின் இரண்டு கட்டைவிரல்களையும் ஜெர்மானியர்கள் வெட்டினார்கள். இவர்கள் யாரும் அந்தக் காதலில் பங்காளிகள் அல்ல. ‘நாடு என்பதே வெறும் கோடு’ என்பது போலப் படம் பேசுகிறது. கோடு பொய்யாகவே இருக்கட்டும். விரல் நிஜம் அல்லவா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிஜத்தில் லாஸ்லோ அல்மாசி என்று ஒருவர் வாழ்ந்தார். 1942-ல் இரண்டு ஜெர்மன் உளவாளிகளைப் பாலைவனம் வழியாக எகிப்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். 1951-ல் ஆஸ்திரியாவில் நோயால் இறந்தார். எந்தக் குகையிலும் அவருக்காக ஒரு கேத்தரின் காத்திருக்கவில்லை. போரில் அவர் செய்த வேலைக்குக் காதல் என்ற போர்வையைப் போர்த்தியது கற்பனைதான். கற்பனைக்கு உரிமை உண்டு. ஆனால் போர்வையின் அழகில் மயங்கி, உள்ளே இருப்பதைப் பார்க்க மறக்கக் கூடாது.

சரி, டிப்ளமோ படிக்கிற நமக்கு இந்தப் படத்தில் யார் நம்ம ஆள்? கிப்! கிர்பால் சிங் என்ற சீக்கிய சாப்பர். வெடிகுண்டைச் செயலிழக்க வைப்பது அவன் வேலை. நவீன் ஆண்ட்ரூஸ் நடித்திருக்கிறார். பாலத்துக்கு அடியில் குண்டின் முன்னால் அவன் படுத்திருக்க, மேலே டாங்கிகள் வந்து அதிர்கிற காட்சியைப் பாருங்கள். எந்த ஒயரை வெட்டுவது? வொர்க்‌ஷாப்பில் அரை மில்லிமீட்டர் தப்பினால் நமக்கு மார்க் போகும். அவனுக்கு உயிர் போகும். மற்றவர்கள் காதலுக்காக எதையெல்லாமோ உடைக்கிறார்கள். இவன் ஒருத்தன்தான் எவனோ வைத்த குண்டை எடுத்துக்கொண்டே காதலிக்கிறான்.

இது வெறும் கதை என்று நினைக்காதீர்கள். இத்தாலியில் நம் நாட்டுச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தார். வெடிக்கப்போகும் கண்ணி மீது தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது. நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

என் முக்கியமான குறை இனிமேல்தான். நாவலில், 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா செய்தியைக் கேட்டதும் கிப் கொதித்துப்போகிறான். ஆசியர்கள் தலையில்தானே போட்டார்கள், வெள்ளைக்காரன் நாட்டில் போட்டிருப்பார்களா என்பது அவன் கேள்வி. நோயாளிக்கு நேரே துப்பாக்கியை நீட்டுகிறான். பிறகு ஹானாவை விட்டுவிட்டு ஊருக்கே கிளம்பிவிடுகிறான். யாருக்காக ஒவ்வொரு குண்டாக எடுத்தானோ, அவர்கள் பக்கமே ஒரு நகரத்தின் மேல் குண்டு போட்டுவிட்டது. அந்த நாவலின் மிகப் பெரிய துரோகம் இதுதான். படத்தில் இது அடியோடு இல்லை! அதற்குப் பதில் கிப்பின் சக வீரன் ஹார்டி, வெற்றிக் கொண்டாட்டத்தின்போது மறைகுண்டில் சாகிறான். கிப் மௌனமாகி, மாற்றலாகிப் போகிறான். அவ்வளவுதான்.

நீளம் போதாது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் பாலைவனக் காதலுக்கு அத்தனை நிமிடங்கள் கிடைத்தபோது, கிப்பின் கோபத்துக்கு ஐந்து நிமிடம் கிடைக்கவில்லையா? ஒரு தனிமனிதனின் துரோகத்தை அழகாகக் காட்டிய படம், வல்லரசின் துரோகத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

ஆகவே நண்பர்களே, படத்தைப் பாருங்கள். முடிந்தால் நாவலையும் தேடிப் படியுங்கள். நாளைக்கு நம் கையிலும் யாரோ ஒரு வரைபடத்தைக் கொடுப்பார்கள். அது போய்ச் சேரும் இடத்தில் யாருடைய விரல் இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிப்போம்.