யானைக்கால் நோய்: "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, நான் ஏன் மாத்திரை சாப்பிடணும்?" - உடலை ஏமாற்றும் புழுவின் கதை

பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10. ஆண்டுதோறும் இந்த இரண்டு தேதிகளை ஒட்டி பீகார், ஜார்கண்ட், உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் செல்கிறார்கள். யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரையைக் கையில் கொடுத்து, தங்கள் கண் முன்னாலேயே விழுங்கச் சொல்கிறார்கள்.

அப்போது அவர்கள் அதிகம் சந்திக்கும் கேள்வி ஒன்றுதான்: "நான் நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு மாத்திரை?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால், 'நல்லா இருக்கேன்' என்று ஒருவரை நினைக்க வைப்பதுதான் இந்தப் புழுவின் மிகப்பெரிய தந்திரமே. எப்படி?

உடலுக்குள் எங்கே ஒளிகிறது?

யானைக்கால் நோயை உண்டாக்குவது நூல் போன்ற ஒரு புழு. இந்தியாவில் பெரும்பாலும் 'உச்செரேரியா பாங்க்ராஃப்டி' என்ற வகை. சாக்கடையிலும் தேங்கிய அழுக்குத் தண்ணீரிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும்போது, அதன் இளம் புழுக்கள் தோல் வழியே உடலுக்குள் நுழைகின்றன.

அவை போய்ச் சேரும் இடம் நிணநீர் நாளங்கள். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அந்த நெறிகளை இணைக்கும் மெல்லிய குழாய்கள்தான் இவை. கிருமிகளை எதிர்க்கும் செல்கள் ஓயாமல் ரோந்து சுற்றும் பாதை இது. அதாவது, போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே திருடன் குடியேறுவதைப் போல!

அங்கே பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் வரை வளரும். 6 முதல் 8 ஆண்டுகள் வரை உயிரோடு இருக்கும். லட்சக்கணக்கான குட்டிப் புழுக்களை ரத்தத்தில் விடும். ஸ்கேன் செய்தால் உயிருள்ள புழுக்கள் நெளிவது தெரியும். மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர், 'ஃபைலேரியா நடனம்'.

எதிர்ப்பு சக்தி ஏன் சும்மா இருக்கிறது?

வைரஸையோ பாக்டீரியாவையோ பார்த்தால் நம் உடல் காய்ச்சல், வீக்கம் என்று உடனே சண்டையில் இறங்கும். ஆனால் இவ்வளவு பெரிய புழுவை ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பது ஏன்?

நம் எதிர்ப்பு மண்டலத்தில் ஆக்சிலேட்டரும் உண்டு, பிரேக்கும் உண்டு. சண்டை எல்லை மீறி சொந்த உடம்பையே பாதிக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. புழு சுரக்கும் சில பொருட்கள் இந்த பிரேக்கை அழுத்துகின்றன. சண்டையை அடக்கும் 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்' பெருகுகின்றன. 'இன்டர்லூக்கின்-10' என்ற, எதிர்ப்பைத் தணிக்கும் ரசாயனமும் கூடுகிறது. எதிரியோடு ஒட்டிக்கொள்ளும், ஆனால் பெரிய சண்டையைத் தூண்டாத 'ஐஜிஜி4' வகை ஆன்டிபாடிகள் அதிகமாகின்றன.

மற்ற ஒட்டுண்ணிகளுக்கு வேறு வழிகள் உண்டு. மலேரியா கிருமி, தான் புகுந்த ரத்தச் சிவப்பணுவின் மேல் வெளிப்படுத்தும் புரதத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசார் கிருமியோ, கிருமிகளை விழுங்கும் செல்லுக்குள்ளேயே போய்க் குடியிருக்கும்.

ஏன் இரவில் ரத்தம் எடுக்கிறார்கள்?

குட்டிப் புழுக்கள் பகலில் நுரையீரலின் ரத்த நாளங்களில் தங்கிவிடும். இரவில், முக்கியமாக 10 மணி முதல் 2 மணி வரை, தோலுக்கு அருகே ஓடும் ரத்தத்துக்கு வரும். கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுதான். ரத்தப் பரிசோதனைக் குழுவினர் தூங்கும் நேரத்தில் வந்து கதவைத் தட்டுவது இதனால்தான்.

அப்படியென்றால் கால் எப்போது வீங்குகிறது?

ரத்தத்தில் குட்டிப் புழுக்கள் நிறைந்திருக்கும் பலருக்கு வெளியே எந்த அறிகுறியும் இருக்காது. கால் பெருத்தவர்கள் பலரின் ரத்தத்திலோ குட்டிப் புழுவே இருக்காது.

அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளே நிணநீர் நாளங்கள் விரிந்து பழுதாகிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் புழு சாகும்போது அடங்கியிருந்த எதிர்ப்பு விழித்துக்கொள்கிறது. அழற்சி ஏற்படுகிறது. பழுதான நாளங்களால் நிணநீரை வடிக்க முடியாது. விரலிடுக்குப் புண் வழியே பாக்டீரியா புகும்போதெல்லாம் காய்ச்சலும் வீக்கமும் வந்து, கால் படிப்படியாகப் பெருக்கிறது. ஆண்களுக்கு விரைவீக்கமும் வரலாம்.

பலருக்குத் தொற்று சிறுவயதிலேயே வந்துவிடுகிறது. வீக்கம் தெரிய வருவது பல ஆண்டுகள் கழித்து. இப்படி முற்றிய வீக்கத்தை மாத்திரையால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. தினமும் சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காலை உயர்த்தி வைத்தால் மேலும் மோசமாகாமல் தடுக்கலாம். விரைவீக்கத்துக்கு அறுவை சிகிச்சை உண்டு.

மாத்திரை என்ன செய்கிறது?

டிஇசி, அல்பெண்டசோல் ஆகிய இரண்டும் வழக்கமான மாத்திரைகள். சில மாவட்டங்களில் ஐவர்மெக்டினும் சேர்த்துத் தரப்படுகிறது. இவை முக்கியமாக ரத்தத்திலுள்ள குட்டிப் புழுக்களை ஒழிக்கின்றன. கொசு கடித்தாலும் எடுத்துச் செல்லப் புழு இருக்காது. பெரிய புழுக்கள் எல்லாம் ஒரே தடவையில் சாகாது. அதனால்தான் ஆண்டுதோறும் சாப்பிடச் சொல்கிறார்கள்.

"மாத்திரை போட்டதும் காய்ச்சல் வந்துச்சு, தலை சுத்துச்சு" என்று சிலர் பயப்படுவதுண்டு. பெரும்பாலும் இது குட்டிப் புழுக்கள் சாவதால் வரும் எதிர்வினை. ஓரிரு நாளில் சரியாகிவிடும். நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது. 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகளுக்கு இது தரப்படுவதில்லை.

ஒரு பகுதியின் மொத்த மக்கள்தொகையில் குறைந்தது 65% பேராவது விழுங்கினால்தான் பரவல் அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இலங்கை, 2016-லேயே இந்நோயைப் பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக அந்த நிறுவனத்தின் அங்கீகாரத்தைப் பெற்றது. இந்தியா வைத்திருக்கும் இலக்கு 2027.

அந்த இலக்கு கால் வீங்கியவர்கள் கையில் மட்டும் இல்லை. 'எனக்கு ஒண்ணும் இல்லை' என்று சொல்பவர்கள் மாத்திரையை விழுங்குகிறார்களா, ஜன்னல் வழியே வீசுகிறார்களா என்பதில்தான் இருக்கிறது.