அருவி எங்கே போச்சு?

"செஞ்சிக்கோட்டையையே எத்தனை தடவை ஏறுறது?" என்று பிள்ளைகள் பிடித்த பிடிவாதத்தில், போன வருஷம் முழுப் பரீட்சை லீவில் கர்நாடகத்தில் காவிரியின் சிவசமுத்திரம் அருவிக்குப் போனோம். புளிசாதம், முறுக்கு, மாமியாரின் வெற்றிலைப் பெட்டி எல்லாம் வேனில் ஏறின. போய்ப் பார்த்தால் வெறும் பாறை! நடுநடுவே நூலாட்டம் தண்ணீர். "இதுக்கா இம்மாந்தூரம் இட்டாந்தே?" என்று மாமியார் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். (எதற்கும் மருமகள்தானே!)

விஷயம் இதுதான், சகோதரிகளே. கோடையில் ஆற்றில் வருவதே கொஞ்சம். அதையும் மேலேயே வாய்க்காலில் திருப்பி, பெரிய குழாய்கள் வழியே பள்ளத்தில் இருக்கும் மின் நிலையத்துக்கு இறக்கிவிடுகிறார்கள். தண்ணீர் விழும் வேகத்தில் சக்கரம் சுழன்று மின்சாரம் கிடைக்கிறது. 1902-லேயே இங்கிருந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்குக் கம்பி இழுத்துவிட்டார்கள். 1905-ல் பெங்களூர்த் தெருக்களில் விளக்கு எரிந்தது. இதற்குப் பாடுபட்ட மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர், பாவம், 1901-லேயே காலமாகிவிட்டார்.

சக்கரத்தைச் சுற்றிய தண்ணீர் வீணாவதில்லை. மறுபடி ஆற்றில் சேர்ந்து ஒகேனக்கல், மேட்டூர் என்று நம் பக்கம்தான் வருகிறது. இதைக் கேட்டதும், சிம்னி விளக்கில் பிள்ளை வளர்த்த என் மாமியார் "அப்பச் சரி" என்று சமாதானமானார்.

பெரியவன் கைப்பேசியில் தேடி இன்னொன்று சொன்னான். நார்வேயில் வோரிங்ஃபோசன் என்ற அருவியின் தண்ணீரும் மின்சாரத்துக்குப் போகிறதாம். ஆனால் பயணிகள் வரும் கோடையில், விநாடிக்கு 12,000 லிட்டராவது அருவியில் விழவேண்டும் என்று விதியாம். பெரிய தண்ணீர் லாரி, விநாடிக்கு ஒன்று!

இந்தப் பேச்சு சுவாரசியத்தில் சின்னவனை மறந்துவிட்டோம். தண்ணீர்தான் இல்லையே என்ற தைரியம். அவன் பாறைகளில் தாவித் தாவி நடு ஆற்றுக்கே போய்விட்டான். வெள்ளரிப்பிஞ்சு விற்ற அம்மாள்தான் அரைகுறைத் தமிழில் கத்தினாள்: "பையனைக் கூப்பிடுங்கம்மா! மேலே தண்ணி விட்டா ஓடி வர நேரம் இருக்காது." எனக்குக் கை காலெல்லாம் வெலவெலத்துப் போச்சு. மேலே மழை பெய்தாலும், அணை திறந்தாலும், இங்கே வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறிவிடும். காய்ந்த பாறையின் ஓரத்தில் பாசி வேறு. பிள்ளைகளை மேலே தடுப்புக் கம்பிக்கு இப்பால், கையைப் பிடித்தபடியே நிறுத்துங்கள்.

மழைக்காலத்தில் போனால் அருவி நிறைந்து விழுமாம். இந்தக் காலாண்டு லீவுக்கு மறுபடி போகிறோம். மாமியார் இப்போதே பாக்கு சீவி வைத்துவிட்டார்!