முதலில் நிறுவனம், பிறகு சூத்திரம்

வணிகவியல் முதுகலையில் முதலீட்டு மேலாண்மைத் தாள் பெரும்பாலும் ஒரே தடத்தில் போகிறது. பங்கு, கடன்பத்திரம் பற்றிய அறிமுகம். அடுத்து திட்ட விலக்கம், பீட்டா. பிறகு மார்கோவிட்ஸ் 1952-இல் முன்வைத்த தொகுப்புக் கோட்பாடு. கணக்குப் போடத் தெரிந்தவர் தேறிவிடுகிறார். ஒரே ஒரு ஆண்டறிக்கையையாவது முழுதாகப் படித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. இந்த வரிசையைத் திருப்ப வேண்டும் என்பது நம் கருத்து.

வடசென்னைக் கல்லூரிகளுக்கு இதற்கான பாடப்பொருள் பக்கத்திலேயே இருக்கிறது. அத்திப்பட்டை ஒட்டிய காமராஜர் துறைமுகம் 2001-இல் செயல்படத் தொடங்கியது. அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதே அதன் முதல் நோக்கம். 2020 மார்ச்சில் மத்திய அரசு தன் 66.67 சதவீதப் பங்கைச் சென்னைத் துறைமுகத்துக்கு 2,383 கோடி ரூபாய்க்கு விற்றது. அந்தக் கணக்கில் முழுத் துறைமுகத்தின் மதிப்பு ஏறக்குறைய 3,575 கோடி. இது சரியான விலையா? பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம்; விற்றதும் வாங்கியதும் அரசுத் தரப்பே. சந்தை விலையைப் பார்த்து விடை எழுத வழியில்லை. நிலக்கரி வரத்து இருபது ஆண்டில் என்னவாகும், கார் ஏற்றுமதியும் கன்டெய்னரும் அதை ஈடுகட்டுமா, எந்தக் கழிவு வீதம் பொருந்தும் என்று மாணவரே யோசித்தாக வேண்டும். வீதத்தை ஒரு சதவீதம் மாற்றியதும் மதிப்பு எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தவர், தரகு நிறுவனங்கள் சொல்லும் இலக்கு விலையை அப்படியே நம்பமாட்டார்.

இடரும் இங்கேயே கற்கத் தக்கது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. மணலி சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் மீது நடவடிக்கை வந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது, ஆலை நிறுத்தப்பட்டது. இரண்டும் பட்டியலிட்ட நிறுவனங்கள். பழைய விலைகளிலிருந்து கணக்கிட்ட திட்ட விலக்கம் இவற்றில் எதையும் முன்கூட்டிக் காட்டியிருக்காது. இத்தகைய ஆபத்து ஆண்டறிக்கையின் எந்தப் பக்கத்தில், எந்தக் குறிப்பில் தென்படும் என்று தேட வைப்பதே இடர் பற்றிய முதல் பாடம்.

அதன் பிறகு மார்கோவிட்ஸ் வரட்டும். தந்தையின் சம்பளம் ஓர் ஆலையில், சொந்த வீடு அதன் அருகில், சேமிப்பும் அதே ஆலையின் பங்கில் என்றிருக்கும் குடும்பத்தை வகுப்பில் அலசலாம். ஆலை மூடினால் மூன்றும் சேர்ந்து சரியும். உடன்மாறுபாடு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சூத்திரமும் விளக்காது. முதலீட்டுத் தொகுப்பு டீமேட் கணக்கில் தொடங்குவதில்லை, சம்பளத்தில் தொடங்குகிறது என்பதும் அப்போது புரியும்.

கல்லூரி விழாக்களில் நடக்கும் மாதிரிப் பங்கு வர்த்தகப் போட்டிகள் இதற்கு ஈடாகா. இரண்டு மணி நேரத்தில் அதிக லாபம் காட்டியவருக்குப் பரிசு தருவது ஊகத்தைத்தான் பழக்குகிறது. 2021-22 முதல் 2023-24 வரை பங்கு சார்ந்த எஃப் அண்ட் ஓ வர்த்தகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்தனர் என்பது செபி ஆய்வின் முடிவு.

வகுப்பு பெரிது, திருத்த நேரமில்லை என்ற ஆசிரியர்களின் சங்கடம் நியாயமானது. ஐந்து மாணவருக்கு ஒரு நிறுவனம், அதன் ஐந்தாண்டு அறிக்கைகள், பருவ முடிவில் பத்து நிமிட வாய்மொழித் தேர்வு என்று வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் பாதியை இதற்கு ஒதுக்கப் பாடத்திட்டக் குழுக்கள் முன்வர வேண்டும்.