யானை மலிவு, தீனி?

யானை மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக யாரும் யானை வாங்கிக் கொல்லையிலே கட்டுவதில்லை. ஏன்? தீனி போட்டு மாளாது! இந்த விவரம் நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கார் விஷயத்திலே மட்டும் மறந்துபோகிறது.

புதிதாக 40 லட்ச ரூபாய்க்கு விற்ற சொகுசு கார், 12 வருஷம் ஓடிய பிறகு 5 லட்சம், 6 லட்சம் என்று கை மாறுகிறது. சின்ன கார் ஒன்று புதிதாக வாங்கும் விலை! பளபளப்பு போகவில்லை. தோல் சீட்டு கிழியவில்லை. மூக்கிலே பி.எம்.டபிள்யூ., பென்ஸ், ஆடி என்று முத்திரை. கல்லூரி வாசலிலே கொண்டுபோய் நிறுத்தினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பான். பையன் சொக்கிப்போகிறான். அப்பாவைப் பிடித்து உலுக்குகிறான்.

ஜவ்வாது மலையிலே புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்று மலை கிராமங்கள். திருப்பத்தூர் மாவட்டம். சாமையும் புளியும் தேனும் பலாவும் அங்கே வருமானம். அங்கிருந்து படிக்கக் கீழே இறங்கி வருகிற ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். குடும்பத்திலே முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவன். பஸ்ஸைத் தவற விட்டால் முதல் வகுப்பு போச்சு. மாலையிலே கடைசி பஸ்ஸை விட்டால் இரவு எங்கேயோ!

அவனுக்கு ஒரு கார் ஆசை வந்தால் அது தப்பா? தப்பே இல்லை. சொகுசு காரிலே பங்களாக்காரன் பிள்ளைதான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இந்த கார்களிலே பல நம் செங்கல்பட்டுப் பக்கத்திலேயே தயாராகிறவை. பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை 2007-ல் மகேந்திரா சிட்டியிலே திறக்கப்பட்டது. நம் பிள்ளைகள் பூட்டிய காரை நம் பிள்ளை ஓட்டக் கூடாதா? ஓட்டலாம். ஆனால் கணக்குப் பார்த்து ஓட்ட வேண்டும். ஆசை அவனுடையது, அடகு வைக்கிற நகை அம்மாவுடையது!

விலை இறங்கும்; உதிரிப் பாகம் இறங்காது

புரோக்கர் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. வருஷா வருஷம் காரின் விலைதான் இறங்குகிறது. அதன் பாகங்களின் விலை இறங்குவதில்லை. 5 லட்சத்துக்கு வாங்கினாலும் அது 40 லட்ச ரூபாய் கார்தான். அதன் விளக்கு, பிரேக், கியர் பெட்டி எல்லாம் 40 லட்ச ரூபாய்க் காரின் விலையிலேதான் வரும். கியர் பெட்டி ஒன்று கையை விரித்தால் கார் வாங்கிய பணத்திலே பெரும் பகுதி அதற்கே போய்விடும்.

பெட்ரோல் கணக்கைப் பார்ப்போம். தினமும் 50 கிலோமீட்டர், மாதம் 25 நாள். மொத்தம் 1,250 கிலோமீட்டர். இரண்டு லிட்டர் என்ஜின் உள்ள பெரிய கார் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தால் 125 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 12,500 ரூபாய். அதே தூரத்தை 18 கிலோமீட்டர் கொடுக்கிற சின்ன கார் 7,000 ரூபாயிலே முடித்துவிடும். வித்தியாசம் மாதம் 5,500. வருஷத்துக்கு 66,000! மலை ஏற்றத்திலே பெரிய காருக்கு 10 கிலோமீட்டர் கிடைப்பதும் சந்தேகம்தான்.

இன்சூரன்சுக்கு வருவோம். 2022-ல் மத்திய அரசு அறிவித்த விகிதப்படி, 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் வருஷம் 2,094 ரூபாய். 1,500 சி.சி.க்கு மேற்பட்டால் 7,897 ரூபாய். கார் எவ்வளவு கிழமானாலும் இது குறையாது. என்ஜினைப் பார்த்துப் போடுகிற கணக்கு இது, வயசைப் பார்த்து அல்ல.

டயர் சமாசாரம் தனி. இந்த கார்களிலே பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் ஆனாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற விசேஷ டயர் போட்டிருப்பார்கள். பெருநகரத்துக்கு அது சரி. மலைப் பாதையிலே கல் குத்தி டயர் பக்கவாட்டிலே கிழிந்தால் என்ன செய்வது? அந்த அளவு டயர் பக்கத்து ஊர்க் கடையிலே தொங்காது. சென்னைக்கோ பெங்களூருக்கோ ஆள் அனுப்ப வேண்டும். கம்பெனி மெக்கானிக்குகளும் பெரும்பாலும் அங்கேதான். கார் நின்றால் லாரியிலே ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். லாரி வாடகை யார் கொடுப்பது?

தண்ணீர் குடித்த கார்

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரிலே சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரிலே மிக்ஜாம் புயல் வந்தபோதும் ஏகப்பட்ட கார்கள் கழுத்தளவு தண்ணீரிலே நின்றன. ரிப்பேர் செலவு, இன்சூரன்ஸ் மதிப்பிலே முக்கால் பங்கைத் தாண்டினால் கம்பெனி அதை 'மொத்த நஷ்டம்' என்று எழுதித் தள்ளிவிடும். அந்த கார் ஏலத்துக்குப் போகும். ஏலத்திலே எடுத்தவர் கழுவித் துடைத்து, சென்ட் அடித்து, வேறு ஊரிலே நிறுத்தினால்? வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்?

சொகுசு காரின் மூளை முழுக்க எலெக்ட்ரானிக் பெட்டிகள். பல கார்களிலே அவை சீட்டுக்கு அடியிலும் கம்பளத்துக்கு அடியிலும் இருக்கின்றன. தண்ணீர் பட்ட இணைப்பு அன்றைக்கே போகாது. ஆறு மாதம் கழித்து, கொண்டை ஊசி வளைவிலே, ராத்திரி நேரத்திலே போகும்.

கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியிலே சேறு ஒட்டிய கறை இருந்தால் நடையைக் கட்டுங்கள். சீட்டைத் தாங்கும் போல்ட் துருப்பிடித்திருந்தாலும் அதே கதைதான். விற்பவரின் இன்சூரன்ஸ் காகிதத்தையும் கேளுங்கள். 'நோ கிளெய்ம் போனஸ்' 50 சதவீதம் என்று இருந்தால், தொடர்ந்து ஐந்து வருஷம் அவர் நஷ்ட ஈடு கேட்கவில்லை என்று அர்த்தம். பூஜ்யம் என்று இருந்தால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இந்த போனஸ் காரோடு வராது, விற்றவரோடு போய்விடும். ஆனால் அது சொல்லுகிற சாட்சி உங்களுக்கு உதவும்.

டில்லி வண்டி, பெங்களூர் வண்டி

"டில்லி வண்டி சார், ரொம்ப மலிவு!" என்று ஒரு குரல் கேட்கும். ஏன் மலிவு? 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டியும் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் டில்லி வட்டாரத்திலே ஓடக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அங்கே ஆயுசு முடியப் போகிற வண்டிகள் மற்ற மாநிலங்களுக்குக் கிளம்பின.

வெளிமாநில வண்டியை வாங்கினால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்ட வேண்டும். இதையெல்லாம் கூட்டினால் மலிவு பறந்துவிடும்!

15 வருஷம் ஆனால் சொந்தக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு அதற்கு 600 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். பசுமை வரி தனி. 12 வயசுக் காரை வாங்குகிற மாணவன் பட்டம் வாங்கி முடிக்கும்போது அந்தச் செலவு வாசலிலே வந்து நிற்கும்.

பெயர் மாற்றாதவன் தூங்கக் கூடாது

வாங்குகிறவருக்கு மட்டுமல்ல, விற்கிறவருக்கும் ஒரு வார்த்தை. பணத்தை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்ட வெற்று பாரத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் நம்மிலே ஏராளம். 2018 பிப்ரவரியிலே சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கிலே தெளிவாகச் சொல்லிவிட்டது. கார் எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்.சி. புத்தகத்திலே யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு. வண்டியை விற்று வருஷக் கணக்காகிவிட்டது என்று சொல்லித் தப்ப முடியாது.

மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளிலே தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளிலே தெரிவிக்க வேண்டும். இன்சூரன்சையும் 14 நாளிலே மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மோதியவருக்குக் கிடைக்கும். உங்கள் காருக்குக் கிடைக்காது.

பழைய கார் வியாபாரிகளுக்கும் சட்டம் வந்திருக்கிறது. 2022 டிசம்பரிலே மத்திய அரசு விதி போட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வாங்கி விற்கும் வியாபாரி பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்கியாக வேண்டும். வண்டி அவர் கையிலே இருக்கும் வரை அவரே சொந்தக்காரர் மாதிரி பொறுப்பு. நல்ல விதி. ஆனால் அந்தச் சான்று எத்தனை கடையிலே சுவரில் தொங்குகிறது? ஆர்.டி.ஓ. அதிகாரிகள் ஒரு நாள் சாலையோர வண்டிச் சந்தைகளைச் சுற்றிப் பார்க்கட்டும்!

மலையே மெக்கானிக்

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஆசை விடவில்லையா? சரி. புதூர்நாட்டுப் பையனுக்கு ஒரு வசதி இருக்கிறது. பெருநகரத்துப் பையனுக்கு அது கிடையாது. ஜவ்வாது மலை!

சமதரையிலே எந்த காரும் நன்றாகத்தான் ஓடும். ஏற்றத்திலே ஏற்றிப் பாருங்கள். ஏ.சி. போட்டு, நாலு பேர் உட்கார்ந்து, வளைவு வளைவாக ஏறட்டும். சூடு முள் மேலே போகிறதா? கியர் மாறும்போது உதறுகிறதா? எண்ணெய் தீயும் வாசனை வருகிறதா? இறங்கும்போது கியரைக் குறைத்தால் என்ஜின் பிடிக்கிறதா, இல்லை பிரேக்கையே நம்பி இறங்க வேண்டியிருக்கிறதா? பிரேக் மிதி பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? வயிறு தரையிலே உரசுகிறதா? ஒரு தடவை ஏறி இறங்கினால் பாதி உண்மை தெரிந்துவிடும். மலைக்கு எடுத்துப் போகக் கூடாது என்று விற்பவர் தடுத்தால் மீதி உண்மையும் தெரிந்துவிடும்!

பிறகு, அந்த கம்பெனி வண்டியிலே பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் கொண்டுபோய் கம்ப்யூட்டர் போட்டுப் பாருங்கள். வண்டி நம்பரைத் தட்டினால் அரசாங்கத்தின் பரிவாஹன் தளத்திலே இன்சூரன்ஸ் இருக்கிறதா, கடன் பாக்கி இருக்கிறதா என்று தெரியும். அபராதம் பாக்கி இருந்தாலும் தெரிந்துவிடும். கடைசியாக ஒரு விதி. காருக்கு 5 லட்சம் கையிலே இருந்தால் 3½ லட்சத்துக்கு மேல் காருக்குக் கொடுக்காதீர்கள். மீதி தீனிக்கு! பெரிய காரின் சுகம் வேண்டும், செலவு தாங்காது என்றால் டொயோட்டா கொரோலா, ஹோண்டா சிட்டி என்று நம் ஊர் மெக்கானிக்குகளுக்குக் கை பழகிய வண்டிகள் இருக்கின்றன. முத்திரை சின்னது, தூக்கம் பெரியது.

அரசுக்கும் ஒரு வார்த்தை

பையனுக்குப் புத்தி சொல்லிவிட்டு நாம் ஓய்ந்துவிட முடியாது. மலையிலிருந்து கல்லூரிக்குப் போகிறவன் காரை ஏன் நினைக்கிறான்? ஆடம்பரம் பாதி. மீதிப் பாதி, நேரத்துக்குப் பஸ் இல்லை என்கிற கவலை.

2022 ஏப்ரலிலே புதூர்நாடு பகுதியிலே என்ன நடந்தது? கோயிலுக்குப் போன மலை கிராமத்து மக்களின் வேன் பள்ளத்திலே கவிழ்ந்து 11 பேர் மாண்டார்கள். மலையே அழுதது. வசதியான பஸ் இல்லாத இடத்திலே ஜனங்கள் கிடைத்த வண்டியிலே தொற்றிக்கொண்டுதான் போவார்கள். வண்டிக்கு எவ்வளவு வயசு, பிரேக் பிடிக்குமா என்று கேட்கிற நிலையிலே அவர்கள் இல்லை.

2019-ல் திருப்பத்தூர் தனி மாவட்டமாயிற்று. கலெக்டர் ஆபீஸ் பக்கத்திலே வந்துவிட்டது. கல்லூரி மணி அடிக்கும் நேரத்துக்குச் சரியாக மலையிலிருந்து காலையிலே ஒரு பஸ், மாலையிலே ஒரு பஸ். வளைவுகளிலே உறுதியான தடுப்புச் சுவர். இவ்வளவும் செய்தால், அந்தப் பையன் கார் வாங்கினாலும் ஆசைக்காக வாங்குவான். அவசரத்துக்காக வாங்கி ஏமாற மாட்டான்.

மாணவரே! கார் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். பட்டம் வாங்கி, வேலை வாங்கி, முதல் சம்பளத்திலே அம்மாவின் நகையை மீட்டு, பிறகு வாங்குங்கள். அப்போது யானையே வாங்கினாலும் நாம் கேட்க மாட்டோம். தீனிக்கு வழி இருக்கிறதே!