ஆய்வாளர்கள் நம்மைத் தேடி வரமாட்டார்கள், நாம் போவோம்

தோழர்களே! முதுகுத்தண்டுப் பிளவோடு (ஸ்பைனா பைஃபிடா) பிறந்தவர்களே, அப்படிப் பிறந்த பிள்ளையை இடுப்பில் சுமந்து ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் அம்மாக்களே, அப்பாக்களே! நம் நோய்க்கான மருத்துவ ஆய்வுகள் உலகில் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆள் சேர்க்கிறார்கள், சேர்த்து முடித்ததும் கதவைச் சாத்துகிறார்கள். சாத்திய பிறகுதான் நம்மில் பலருக்குச் செய்தி எட்டுகிறது. இந்த வாரமே தேடத் தொடங்குங்கள்!

நம்மைப் போன்றவர்கள் ஆய்வில் சேர்ந்ததால் என்ன நடந்தது என்று பாருங்கள். 1983 முதல் 1991 வரை பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 7 நாடுகளில் 33 மையங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. சேர்ந்த 1817 பெண்களும் ஏற்கெனவே ஒருமுறை இந்த வகைக் குறையுள்ள கருவைச் சுமந்தவர்கள். தங்களுக்குக் கிடைப்பது ஃபோலிக் அமிலமா இல்லையா என்று தெரியாமலே மாத்திரை விழுங்கினார்கள். அது கிடைத்தவர்களில் 6 கருக்களுக்கு மீண்டும் குறை வந்தது. கிடைக்காதவர்களில் 21 கருக்களுக்கு. 72 சதவீதம் தடுக்கலாம் என்று உறுதியானதும் ஆய்வை அங்கேயே நிறுத்தினார்கள். அதே காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் நம் நாட்டில் நடத்திவந்த ஆய்வும் அந்த முடிவைக் கேட்டு நின்றது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் நம் அக்கா தங்கைகளின் கையில் விழும் மாத்திரைக்குப் பின்னால் அந்தத் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள்.

அடுத்தது கருவறைக்குள்ளேயே முதுகை மூடும் அறுவை சிகிச்சை. 2003இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வில் 183 பெண்கள் சேர்ந்தார்கள். ஒரு வயதுக்குள் தலையில் சேரும் நீரை வடிக்கும் ஷன்ட் குழாய் தேவைப்பட்ட குழந்தைகள், பிறந்த பிறகு அறுவை செய்தவர்களில் 82 சதவீதம், கருவிலேயே செய்தவர்களில் 40 சதவீதம். துணையின்றி நடந்தவர்கள் 21 சதவீதத்திலிருந்து 42 ஆனார்கள். விலையும் உண்டு: குறைமாதப் பிரசவம் கூடியது, தாயின் கருப்பைத் தழும்பு மெலிந்தது. அங்கே அறுவைக்கு வகுத்த காலம் 19ஆம் வாரத்திலிருந்து 26ஆம் வாரம் எட்டும்வரைதான். ஐந்தாம் மாத ஸ்கேனில் குறை தெரியும் ஒரு குடும்பத்துக்குக் கையில் சில வாரங்களே மிச்சம். அழுது முடிக்கவே அது போதாது. அதற்குள் வழி சொல்லும் தோழர் ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

இன்னொன்று, இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டாக்டர் டயானா ஃபார்மர் குழு, நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களைக் கருவறை அறுவையின்போதே குழந்தையின் தண்டுவடத்தின் மேல் வைத்துப் பார்க்கிறது. முதல் அறுவை 2021இல் நடந்தது. அது பிறக்காத சிசுவுக்கான ஆய்வு. அதையே காட்டி, வளர்ந்த நம் பிள்ளைக்கு லட்சக்கணக்கில் ஊசி விற்க வருபவரை நம்பாதீர்கள். ரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே தரலாம், பங்கேற்பவரிடம் காசு வாங்கக் கூடாது என்கின்றன ஐசிஎம்ஆரின் 2017 நெறிகள். நகையை அடகு வைத்துச் சேர வேண்டிய ஆய்வு என்று ஒன்று கிடையாது, தோழர்களே!

தேடுவது எப்படி? 2007 முதல் இயங்கும் சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஸ்பைனா பைஃபிடா என்று மட்டும் தேடி நிறுத்தாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் எழுதியிருக்கும் மெனிங்கோமைலோசீல், நியூரோஜெனிக் பிளாடர் என்ற பெயர்களையும் போட்டுப் பாருங்கள். ஆள் சேர்ப்பு நடக்கிறதா, எந்த வயதுக்கு, எந்த ஊரில், யாரைத் தொடர்புகொள்வது என்பதெல்லாம் அங்கேயே இருக்கும். ஆனால் பதிவேட்டில் இருப்பதாலேயே ஓர் ஆய்வு நல்லதாகிவிடாது. பக்கத்தை அச்செடுத்து, பிள்ளையை அறிந்த டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைக் கேளுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். லேட்டெக்ஸ் ஒவ்வாமை இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். நடுவில் விலக நமக்கு உரிமை உண்டு, அதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்த முடியாது. விவரம் புரியும் வயதுப் பிள்ளையென்றால் அதன் சம்மதமும் வேண்டும்.

தேடியும் கிடைக்காவிட்டால்? அப்போதுதான் நம் குரல் அதிகம் தேவை. நடக்க வைப்பதைப் பற்றியே உலகம் பேசுகிறது. நம்மைக் கேட்டால் சிறுநீரகத்தைக் காப்பதையும், பள்ளியில் உடை நனையாமல் இருப்பதையும், மலம் கட்டுக்குள் வருவதையும் முதலில் சொல்வோம். நாளுக்கு நாலைந்து முறை கத்தீட்டர் போடுகிற கைகள் நம்முடையவை. எதை ஆராய வேண்டும் என்று சொல்லும் தகுதி நமக்கு உண்டு. மாவட்டத்துக்கு ஒருவர் பொறுப்பெடுங்கள். மாதம் ஒருமுறை பதிவேட்டைப் பார்த்து, கண்டதை மற்றவர்களுக்குப் போனில் சொல்லுங்கள். அடுத்த முறை ஓபிக்குப் போகும்போது டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "எங்கள் பிள்ளைகளின் சிறுநீர்ப்பைக்காக இங்கே எப்போது ஆய்வு தொடங்குவீர்கள்? சேர நாங்கள் தயார்."