மென்பொருளும் ஏரிக்கரையும்

மழைக்காலம் வந்துவிட்டால் நம் கண்டாச்சிபுரம் வட்டாரத்துப் பெரியவர்கள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "ஏரி நிரம்பிற்றா?" என்பது முதற் கேள்வி. "கரை தாங்குமா?" என்பது இரண்டாவது. முதற் கேள்விக்கு வானம் விடை சொல்லும். இரண்டாவதற்கு ஊர்தான் விடை சொல்ல வேண்டும். கணிப்பொறியைப் பற்றி எழுத வந்த நாங்கள் ஏரிக்கரைக்குப் போவதேன் என்று வாசகர்கள் வியக்கலாம். காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஓர் அக்கா, நூலகக் கணக்கு வைப்பதற்குச் சிறியதொரு மென்பொருளைத் தாமே எழுதிக் கொடுத்தார். எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, என்று திரும்ப வேண்டும் என்பதை அது நொடியில் காட்டியது. எல்லாரும் மெச்சினோம். அக்கா கல்லூரிக்குப் போனார். அடுத்த ஆண்டு நூலகத்துக்கு வேறு கணிப்பொறி வந்தது. அதில் அந்த மென்பொருள் ஓடவில்லை. எப்படி எழுதினார் என்பதற்குக் குறிப்பு ஏதும் இல்லை. இன்று மறுபடியும் பெரிய நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம். குற்றம் அக்காவுடையது அன்று, எங்களுடையது. பயன்படுத்தினோம், பாராட்டினோம், ஆனால் ஒருநாளும் அவர் அருகில் அமர்ந்து கற்றுக்கொள்ளவில்லை.

இதற்கு மாறான கதையும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் நாம் படிக்கும் பைத்தான் மொழியை 1991ஆம் ஆண்டில் வெளியிட்டவர் கைடோ வான் ரோசம் என்னும் டச்சுக்காரர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதை வழிநடத்திய அவர், 2018இல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். பைத்தான் நின்றுவிட்டதா? இல்லை. அம்மொழியைப் பேணுவோர் கூடி, 2019இல் ஐவர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்தனர். மாற்றம் வேண்டுவோர் தம் கருத்தை எழுத்தில் வைக்க வேண்டும், அதை எவரும் படிக்கலாம், விவாதிக்கலாம் என்னும் முறை முன்பே வேரூன்றியிருந்தது. எனவே ஆள் விலகினாலும் வேலை நிற்கவில்லை.

கரையைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2024ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது. கோப்புகளைச் சுருக்கித் தரும் எக்ஸ்இசட் என்னும் சிறு மென்பொருள், உலகின் எண்ணற்ற கணிப்பொறிகளில் இருக்கிறது. பல்லாண்டுகளாக அதைப் பேணியவர் பெரும்பாலும் ஒரே மனிதர். அதுவும் ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில். அவர் சோர்ந்திருந்த வேளையில் உதவ வந்தவர் போல் முகமறியாத ஒருவர் சேர்ந்தார். இரண்டாண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கையைப் பெற்றுப் பின்பு அதனுள் கள்ளக் கதவு ஒன்றை ஒளித்து வைத்தார். தொலைவிலுள்ள கணிப்பொறிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று ஐயுற்ற ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். ஒருவருடைய விழிப்பு உலகைக் காத்தது உண்மைதான். ஆனால் அத்தனை பெரிய சுமையை ஒருவர் தோளில் ஏற்றிவிட்டு மற்றவர் உறங்கியது நியாயமா?

ஏரிக்கும் இதுவே விதி. தண்ணீர் பாயும் நிலம் பலருடையது. கரை உடைந்தால் அழிவும் பலருக்கு. ஆகவேதான் நம் முன்னோர் குடிமராமத்து என்று வைத்து, வீட்டுக்கு ஓராள் வந்து தூர் வாரி, மதகையும் கலங்கலையும் சீர் செய்தனர். ஊருக்குப் பொதுவானது யாருக்கும் சொந்தமன்று என விட்டவர்கள் ஏரியை இழந்தார்கள். எல்லாருக்கும் சொந்தம் என எண்ணியவர்கள் காத்துக்கொண்டார்கள்.

இப்பணி நமக்கு எட்டாத ஒன்றன்று. பக்கத்திலேயே விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று 2013 முதல் இயங்கி வருகிறது. தன்னார்வலர்கள் கூடிக் கிராமப்புற மாணவ மாணவியருக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பிக்கின்றனர். கற்றவர் அடுத்தவருக்குக் கற்பிக்கும்போது ஏரிக்கு வரத்துக்கால்வாய் கிடைத்துவிடுகிறது. புதியவர் வராத குழு, நீர்வரத்து இல்லாத ஏரி போல வற்றிப்போகும்.

"கூலியில்லாத வேலையில் எங்கள் பெண் ஏன் பொழுதைப் போக்க வேண்டும்?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. இம்மென்பொருள்களால் பெரும் பொருள் ஈட்டும் நிறுவனங்கள் அவற்றைப் பேணுவோருக்குப் பணம் தர வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஜெர்மனி அரசு 2022இல் இதற்கெனவே ஒரு நிதியம் தொடங்கியது. நம் நாட்டிலும் அப்படி ஒன்று வர வேண்டும். ஆயினும் பிறர் எழுதிய நிரலைப் படித்துத் திருத்துவது, எந்தப் பாடப்புத்தகமும் தராத பயிற்சி என்பதையும் பெற்றோர் நினைக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது என்ன? பிழை கண்டால் முணுமுணுக்காமல், எப்போது, எப்படி நேர்ந்தது என்று தெளிவாக எழுதி அனுப்பலாம். ஆங்கிலத்தில் மட்டுமே உள்ள விளக்கங்களைத் தமிழாக்கலாம். புதிதாய் வரும் தங்கைகள் கேட்கும் எளிய கேள்விக்கு நகைக்காமல் விடை சொல்லலாம். உழைத்தவருக்கு ஒரு வரி நன்றி எழுதலாம்.

இவ்வாண்டு நாங்கள் ஒரு முடிவு செய்திருக்கிறோம். நூலக மென்பொருளை மீண்டும் எழுதப் போகிறோம். இம்முறை ஒருவர் அல்லர், நால்வர். அவருள் இருவர் ஒன்பதாம் வகுப்பினர். ஒவ்வொரு பகுதிக்கும் தமிழில் குறிப்பு எழுதி நூலக அலமாரியில் வைப்போம். நாங்கள் பள்ளியை விட்டுப் போகும் நாளில் அது நின்றுவிடாமல் ஓடுமாயின், அதுவே நாங்கள் பெற்ற மதிப்பெண். தங்கைகளே, அப்போது கரை உங்கள் கையில்!