வீட்டுத் தொழிலுக்கு ஒரு வேலி

 

வீட்டையே தொழிற்கூடமாகக் கொண்டு ஹலாலான முறையில் பொருளீட்டும் குடும்பங்கள் நம் சமுதாயத்தில் ஏராளம். பத்தமடையில் கோரைப்பாய் நெய்வோர், ஒரு தையல் எந்திரத்தைக் கொண்டே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் கைம்பெண்கள், மசாலாப்பொடி அரைத்தும் பலகாரம் செய்தும் விற்போர் என அப்பட்டியல் நீளும். இவர்களின் முதல் முழுவதும் வீட்டின் ஓர் அறைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அந்த அறைக்கு ஆபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்பதைக் குறித்து இம்மாதம் சிந்திப்போம்.

2023 டிசம்பர் மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டுக்குள் புகும் வெள்ளம் கட்டில் எது, விற்பனைச் சரக்கு எது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் இன்ஷூரன்ஸ் பாலிசி பிரித்துப் பார்க்கிறது. வீட்டுக்கென எடுக்கும் பாலிசி குடியிருப்புக் கட்டடத்தையும் வீட்டுச் சாமான்களையும் குறித்ததே. தொழில் எந்திரமும் சரக்கும் அதில் அடங்கா. “வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதே” என்று நிம்மதியாயிருப்போர் பலர் இதை அறியார்.

இன்ஷூரன்ஸ் மார்க்கத்தில் கூடுமா என்ற வினா முதலில் எழும். எழத்தான் வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவைத்த பின்னரே இறைவன்மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை நாம் அறிவோம். ஆகவே முன்னெச்சரிக்கை தவக்குலுக்கு முரணானதன்று. ஆனால் கட்டும் கயிறும் ஹலாலாக இருக்க வேண்டுமல்லவா?

டமாஸ்கஸ் நகரின் ஹனஃபி மேதை இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் 1836இல் மறைந்தவர்கள். கப்பல் சரக்குக்கு வணிகர்கள் செய்துகொண்ட ஈட்டு ஒப்பந்தத்தை அவர்கள் அன்றே ஆராய்ந்திருக்கிறார்கள். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, வணிக நோக்கிலான இன்ஷூரன்ஸ் கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடு கூடும் என்றும் தீர்மானித்தது. வணிகக் காப்பீட்டில் நிச்சயமின்மை, சூதின் சாயல், வட்டி ஆகிய மூன்றும் கலந்துள்ளன என்பதே ஆலிம்கள் காட்டும் காரணம். கூட்டுறவு முறையில் அனைவரும் நன்கொடையாகச் செலுத்தி, இழந்தவருக்கு அதிலிருந்து கொடுக்கிறார்கள். இதுவே ‘தகாஃபுல்’ எனப்படுகிறது. சூடானில் 1979இல் இது நிறுவன வடிவம் பெற்றது. மலேசியா 1984இல் இதற்கெனச் சட்டமே இயற்றியது.

நம் நாட்டில் உரிமம் பெற்ற தகாஃபுல் நிறுவனம் இல்லை. கலவரங்களில் நம் மக்களின் கடைகளும் வீடுகளும் தீக்கிரையாவதைக் கண்ட இந்திய ஃபிக்ஹ் அகாடமி, இந்நாட்டின் நிலையைக் கருதி உயிர், உடைமைக் காப்பீட்டுக்கு இடமளித்தது. அதை ஏற்காத ஆலிம்களும் உள்ளனர். எனவே பாலிசியின் விதிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, உங்கள் பகுதியின் நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். சேமிப்பும் இலாபமும் கலந்த ஆயுள் பாலிசி வேறு. இழப்பு நேர்ந்தால் மட்டும் ஈடு தரும் பொதுக் காப்பீடு வேறு. இரண்டையும் குழப்பிக் கேட்டால் விடையும் குழம்பும்.

அனுமதி உண்டெனத் தெளிந்தவர்கள் கவனிக்க வேண்டியவை சில.

முதலாவது, பொருத்தமான பாலிசி. கட்டடம், எந்திரம், சரக்கு எல்லாம் சேர்ந்து 5 கோடி ரூபாய்க்கு மேற்படாத தொழில்களுக்கென ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பொதுவான பாலிசி 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. தீ, புயல், வெள்ளம், கலவரம் ஆகியவற்றால் வரும் சேதம் இதில் அடங்கும். பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனிப் பாலிசி வேண்டும்.

இரண்டாவது, சரியான மதிப்பு. பிரீமியம் குறையட்டும் என்று சரக்கின் மதிப்பைக் குறைத்து எழுதுவோர் உண்டு. 4 இலட்ச ரூபாய்ச் சரக்கை 2 இலட்சம் என்று எழுதியவருக்கு 1 இலட்சம் சேதமானால், பாதியான 50,000 மட்டுமே கிடைக்கும். மேற்சொன்ன பாலிசியில் 15 விழுக்காடு வரையிலான குறைவு மன்னிக்கப்படும். அதற்கு மேல் இல்லை. ஆண்டுதோறும் ஸகாத்துக்காகச் சரக்கை எண்ணி மதிப்பிடுகிறோமே, அந்தக் கணக்கேடு இதற்கும் அடிப்படையாக உதவும்.

மூன்றாவது, உண்மை. குடியிருக்கும் வீட்டில்தான் தொழில் நடக்கிறது, அங்கே எரிவாயு அடுப்பும் எண்ணெயும் உள்ளன என்பதை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். மறைத்தால் ஈடு மறுக்கப்படலாம். மறைப்பது ஏமாற்று என்பது அதைவிடப் பெரிது.

நான்காவது, அமானிதம். தைப்பதற்கென்று பிறர் தந்த மணப்பெண்ணின் பட்டுத்துணி உங்கள் அலமாரியில் இருக்கிறது. அது உங்கள் உடைமையன்று. பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைப் பாலிசியில் தனியே குறிப்பிடாவிட்டால் அதற்கு ஈடு கிடைக்காது. கைவினைஞர் கையில் இருக்கும் பொருள் அழிந்தால் யார் பொறுப்பு என்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கும் அவர்களின் இரு மாணவர்களுக்கும் இடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த அளவுக்கு நம் ஃபுகஹாக்கள் இதைக் கருத்தாக ஆராய்ந்திருக்கிறார்கள். நாம் அதை மறக்கலாமா?

ஐந்தாவது, பெயர். மனைவியின் சம்பாத்தியம் மனைவிக்கே சொந்தம் என்பது ஷரீஅத். எந்திரமும் சரக்கும் அவருடையவையானால் பாலிசியும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். வாங்கிய இரசீதுகளையும் புகைப்படங்களையும் அந்த அறைக்கு வெளியே, உறவினர் வீட்டில் ஒரு பிரதியாக வைத்திருங்கள். சேதம் நேர்ந்தால் உடனே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை சேதப்பொருளை அப்புறப்படுத்த வேண்டாம். நியாயமான ஈடு மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் தீர்வு இல்லையெனில் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அங்கே கட்டணம் கிடையாது.

“எனக்கு மனம் ஒப்பவில்லை, எடுக்க மாட்டேன்” என்போரின் பேணுதலை மதிக்கிறோம். ஆனால் அவர்களின் பொறுப்பு அத்துடன் முடிந்துவிடாது. உணவு குறைந்தபோது அஷ்அரீ கூட்டத்தார் தம்மிடம் இருந்ததை ஒரே விரிப்பில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைப் புகழ்ந்தார்கள். வெள்ளம் வந்த பிறகு ஜமாஅத்தில் துண்டேந்தி வசூலிப்பதைவிட, மாதம் 50 ரூபாய் நன்கொடையாகச் செலுத்தும் நிதியை இன்றே மஹல்லாவில் தொடங்கினால் என்ன? கணக்கை எழுதி வெள்ளிதோறும் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள். நம்பிக்கை வளரும்.

பாலிசியும் எடுக்காமல், நிதியும் அமைக்காமல், “அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்று கைகட்டி நிற்பதைத் தவக்குல் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அந்த ஓர் அறையை நம்பித்தான் ஒரு தாயின் அடுப்பு எரிகிறது.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் நம் வீடுகளுக்குப் பாதுகாப்பையும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.